முயல் சோம்பியிருக்கவில்லை

"காலையில் தாமாகவே எழுந்து வாசல்வரை நடக்கிறார், நண்பகலில் நாற்காலியை விட்டு அசைய மறுக்கிறார். வேண்டுமென்றே செய்கிறார், ஐயா." பார்க்கின்சன் நோயுற்ற பெற்றோரை அழைத்துவரும் பிள்ளைகள் பலர் இவ்வாறு மனம் நொந்து கூறுவதுண்டு. அவர்களுக்கு நான் முயல்களைப் பற்றிச் சொல்வது வழக்கம்.

சுவீடன் நாட்டு அறிவியலாளர் ஆர்விட் கார்ல்சனும் அவருடைய உடனாய்வாளர்களும் 1957-இல் முயல்களுக்கு ரெசர்பின் என்னும் மருந்தைச் செலுத்தினர். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கப்பட்டுவந்த அதே மருந்துதான். முயல்கள் காதுகள் தொங்க, அசைவற்றுக் கிடந்தன. அவற்றின் கால்களில் பழுதில்லை, தசைகளில் நலிவில்லை. மூளையின் நரம்பணுக்கள் சேமித்து வைத்திருந்த சில வேதிப்பொருள்களை ரெசர்பின் தீர்த்துவிட்டிருந்தது, அவ்வளவே. பின்னர், உடலில் டோபமைனாக மாறும் டோபா என்னும் பொருளைச் செலுத்தினர். கால் மணி நேரத்திற்குள் காதுகள் நிமிர்ந்தன. முயல்கள் நடமாடத் தொடங்கின. செரட்டோனினாக மாறும் பொருளைக் கொடுத்துப் பார்த்தபோது அந்த மாற்றம் நிகழவில்லை. டோபாவின் வேகம் தணிந்ததும் அவை மீண்டும் முடங்கின.

அதுவரை டோபமைன், வேறொரு வேதிப்பொருள் உருவாவதற்கான இடைநிலைப் பொருளாகவே கருதப்பட்டது. 1960-இல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் பெரிதும் குறைந்திருப்பதைக் காட்டினார். இன்று நம் நோயாளிகள் உட்கொள்ளும் லெவோடோபா மாத்திரை இவ்வழியே வந்ததாகும். கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசும் கிடைத்தது. முயல்களுக்கு நாம் பட்ட கடனைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

முயலும் மனிதரும் ஒன்றல்லர். முயலுக்குத் தீர்ந்தது சேமிப்பு மட்டுமே. பார்க்கின்சன் நோயிலோ டோபமைனைச் சுரக்கும் அணுக்களே அழிகின்றன. எனினும் அசைய இயலாமை வேறு, அசைய மனமின்மை வேறு என்பதில் ஐயமில்லை. "கொஞ்சம் முயன்றால் முடியாதா?" என்று கேட்பது அந்த முயலை அதட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆதலால், லெவோடோபா மாத்திரையைச் சத்து மாத்திரை போல நினைத்த நேரத்தில் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. எட்டு மணிக்குரியது எட்டு மணிக்கே சேர வேண்டும். பருப்பு, முட்டை போன்ற புரத உணவுடன் சேர்த்து உண்டால் சிலருக்கு மருந்தின் பயன் குறையும். மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்துவது ஆபத்து.

வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேரும்போதுதான் இந்த ஒழுங்கு பெரும்பாலும் குலைகிறது. பொதுவான மருந்து வேளைக்குள் இதனையும் அடக்கிவிடும் வழக்கம் எங்களைப் போன்றோரிடமும் உண்டு. எனவே மாத்திரை வேளைகளை ஒரு தாளில் எழுதி, சேரும் நாளிலேயே செவிலியரிடம் கொடுங்கள். பார்க்கின்சன் நோயாளி என்பது அத்தாளின் முதல் வரியாக இருக்கட்டும். குமட்டலுக்கு வழக்கமாகத் தரப்படும் மெட்டோகுளோப்ரமைடு டோபமைனின் செயலைத் தடுக்கும் மருந்து.