பூவுக்குப் படம், இலைக்குக் கத்தி

பிப்ரவரி மாத இங்கிலாந்து பார்க்கச் சகிக்காது. மொட்டை மரங்கள், சாம்பல் வானம், சொதசொதவென்று ஈரப் புல். அந்தப் புல்லுக்கு நடுவே ஒருநாள் காலை ஊதா, மஞ்சள், வெள்ளை என்று விரலளவு பூக்கள் கிளம்பி நிற்கும். குரோக்கஸ்! உடனே ஊரே கேமராவும் கையுமாகக் கிளம்பிவிடும். வசந்தம் வந்துவிட்டதாம்.

எல்லாம் மூன்று வாரத்துக்குத்தான். பூ வாடியதும் அதே ஆட்கள், அதே புல்வெளியில், புல்வெட்டும் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வருவார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் மட்டம். அடுத்த வருடம் பூ பாதியாகும். அதற்கடுத்த வருடம் நாலே நாலு இலை வரும். பிறகு அதுவும் வராது. "கிழங்கு மட்டம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று ஒரு தீர்ப்பு வேறு!

கடைக்காரன் ஏமாற்றவில்லை. கிழங்கும் மட்டமில்லை. செடியைப் பட்டினி போட்டுக் கொன்றது அந்தத் தோட்டத்துக்காரரேதான்.

குரோக்கஸ் என்றால் தமிழருக்கு அன்னியம் போலத் தெரியலாம். பாலில் போடும் குங்குமப்பூவும் ஒரு குரோக்கஸ்தான். காஷ்மீரின் பாம்போரில் அக்டோபர், நவம்பரில் பூக்கும் அந்த இனத்தின் சூலக முடிதான் கடையில் கிராம் கணக்கில் விற்பது. ஐரோப்பியத் தோட்டங்களில் குளிர் முடியும்போது பூப்பவை அதன் பங்காளிகள். அவற்றிலிருந்து குங்குமப்பூ கிடைக்காது. கண்ணுக்கு அழகு, தேனீக்குச் சாப்பாடு, அவ்வளவுதான்.

இந்தச் செடியின் சூட்சுமம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் மூன்று அங்குல ஆழத்தில் ஒரு கிழங்கை ஊன்றுகிறார்கள். வசந்தத்தில் பூப்பதற்கு அந்தக் கிழங்கு தன் சேமிப்பை எல்லாம் செலவழித்துவிட்டுச் சுருங்கிப் போகிறது. அதன் தலைக்கு மேலேயே புதுக் கிழங்கு உருவாகிறது. அதாவது அடுத்த வருடம் பூக்கப்போவது கடையில் காசு கொடுத்து வாங்கிய கிழங்கே அல்ல; அதன் பிள்ளை! அந்தப் பிள்ளைக்குச் சோறு போடுவது யார்? பூ வாடியபின் நீளமாக வளரும் இலைகள்தான். நடுவில் வெள்ளைக் கோடு போட்ட மெல்லிய இலைகள். தூரத்திலிருந்து பார்த்தால் புல் மாதிரியே இருக்கும். அதனால்தான் கத்தி ஓட்டுகிறவருக்குக் கை கூசுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. குரோக்கஸ் பூவுக்குக் காம்பு கிடையாது. காம்பு போலத் தெரிவது பூவின் நீண்ட குழாய். சூல்பை மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. விதை முற்றும் சமயத்தில்தான் காய் மண்ணுக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. அவசரமாகப் புல் வெட்டுகிறவர் கிழங்கைப் பட்டினி போடுவதோடு விதையையும் சீவிவிடுகிறார்.

ஈரோட்டுப் பக்கம் தாள் பச்சையாக இருக்கும்போதே யாராவது மஞ்சள் வெட்டுவார்களா? வெங்காயத் தாள் சாயும் முன்பு பிடுங்குவார்களா? ஊரே சிரிக்கும். கிழங்கு கட்டுவது இலையின் வேலை என்று பள்ளிக்கூடம் போகாத விவசாயிக்குத் தெரியும். தோட்டக்கலைப் புத்தகங்களை அலமாரி நிறைய அடுக்கி வைத்திருப்பவருக்கு மார்ச் மாதம் வந்தால் மறந்துவிடுகிறது!

ஏன் இப்படி? சுத்தப் பைத்தியம். புல்வெட்டும் இயந்திரத்துக்கு எட்வின் பட்டிங் என்பவர் காப்புரிமை வாங்கியது 1830ல். அதற்கு முன் அரிவாளால் வெட்டிச் சமன் செய்ய ஆள் வைத்துக்கொள்ளும் வசதி பெரிய மாளிகைக்காரர்களுக்குத்தான் இருந்தது. இயந்திரம் வந்தபின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குட்டி ஜமீன் புல்வெளி வேண்டியதாகிவிட்டது. அது கம்பளம் மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற வியாதி தமிழனுக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது?

பிளான்ட்லைஃப் என்ற அமைப்பு 2019ல் 'மே மாதம் புல் வெட்டாதீர்கள்' என்று ஓர் இயக்கம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் மே மாத விரதத்துக்கு ஈடுகட்ட ஏப்ரலிலேயே ஒட்ட வெட்டிவிட்டால் குரோக்கஸுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

"கிழங்கு மலிவுதானே, வருடா வருடம் வாங்கிப் போட்டால் போயிற்று" என்பார்கள். போடலாம். ஆனால் ஒரு முறை ஊன்றிச் சும்மா விட்டால் கிழங்கு பக்கத்தில் குட்டி போடும். டிரியெஸ்ட் நகரின் தாவரவியலாளர் டொம்மாசினியின் பெயரைத் தாங்கிய டொம்மாசினியானஸ் இனமோ விதை சிந்தியே தோட்டம் முழுக்கப் பரவும். தானாகப் பெருகுவதைக் கொன்றுவிட்டு அதையே காசு கொடுத்து வாங்குவது என்ன கெட்டிக்காரத்தனம்?

"குழந்தைகள் எங்கே விளையாடுவது?" இது நியாயமான கேள்வி. முழுப் புல்வெளியையும் யாரும் கேட்கவில்லை. இலையுதிர் மரத்தடியில் ஒரு மூலை போதும். மரம் துளிர்ப்பதற்குள் குரோக்கஸுக்கு வேண்டிய வெயில் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இது வெறும் அழகுப் பிரச்சினையும் இல்லை. குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் தூங்கிய பம்பிள் தேனீ ராணி, பிப்ரவரி, மார்ச்சில் பசியோடு எழுந்து வருகிறாள். கூட்டம் கிடையாது, சேமிப்பு கிடையாது, தன்னந்தனி. அவள் பிழைத்தால்தான் அந்த வருடம் ஒரு கூடு. அந்த நேரத்தில் திறந்திருக்கும் சில உணவு விடுதிகளில் குரோக்கஸ் ஒன்று. இந்த வருடம் ஏப்ரலில் சீவப்படும் இலை, அடுத்த வருடம் அவளுக்கு வைக்கப்படாத சாப்பாடு.

எட்வர்ட் அகஸ்டஸ் பௌல்ஸ் (1865–1954) என்று ஒரு மனிதர் இருந்தார். என்ஃபீல்டில் மிடில்டன் ஹவுஸ் என்ற வீட்டில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே இறந்தவர். குரோக்கஸ் பற்றி 1924ல் புத்தகம் எழுதினார். 'குரோக்கஸ் ராஜா' என்றே அவருக்குப் பெயர். ஒரே மண்ணை வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். எல்லோராலும் அவ்வளவு முடியாது, சரி. ஆனால் 6 வாரம் முடியாதா?

செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. நிஜமாகவே ஒன்றுமே இல்லை! பூ வாடியபின் குறைந்தது 6 வாரம் அந்த இடத்தில் கத்தி வைக்காமல் இருந்தால் போதும். இலை தானாக மஞ்சளாகிச் சாயும். பிறகு ஆசை தீர வெட்டிக்கொள்ளலாம். அதுவரை பக்கத்து வீட்டுக்காரர் ஏதாவது கேட்டால், "அடுத்த வருடத்துப் பூ உள்ளே தயாராகிக்கொண்டிருக்கிறது" என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை.

பூவை ரசிக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த இலையையும் பொறுத்துக்கொள்பவர்தான் தோட்டக்காரர். மற்றவர்கள் போட்டோ எடுக்க வந்தவர்கள்.