கடலோடியின் பெட்டி வாகனத்திலும் வேண்டும்

பள்ளிவாசல்துறையில் இயந்திரப் படகொன்று கடலுக்குப் புறப்படுவதைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவில் நிற்கும். வலையோடும் எரிபொருளோடும் குடிநீர்க் கலன் ஏறும். டோர்ச், கத்தி, கயிறு, இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டும் சாவிகள் ஏறும். அன்றைய தொழில் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் என்றாலும், அனுபவமுள்ள கடலோடி இவையின்றிப் படகைத் தள்ளமாட்டார்.

அதே மனிதர் மறுநாள் குடும்பத்தை வானில் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்படுகிறார். வண்டியில் என்ன இருக்கிறது? கண்ணாடியில் தொங்கும் வாசனைக் குப்பியும் பின் இருக்கையில் இரண்டு தலையணைகளும்! கடலை நம்பாத நாம் வீதியை முழுதாக நம்பிவிடுகிறோம்.

இதை அடுத்தவருக்கான உபதேசமாக எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர், மரண வீடொன்றுக்குச் சென்றுவிட்டு இரவில் கற்பிட்டி வீதியால் திரும்பிக்கொண்டிருந்தோம். நுரைச்சோலையைத் தாண்டியதும் டயர் வெடித்தது. மாற்று டயரை இறக்கினால் அதில் காற்றில்லை. கையடக்கத் தொலைபேசியின் வெளிச்சத்தில் தடுமாறியதில் அதன் பற்றரியும் தீர்ந்துபோயிற்று. பின்னால் இருந்த எங்கள் பெரியம்மா நீரிழிவு நோயாளி. மாலையில் ஊசி போட்டிருந்தார். மரண வீட்டில் எதுவும் உண்ணவில்லை. சிறிது நேரத்தில் அவருக்கு உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறத் தொடங்கியது. வண்டியில் ஒரு கரண்டி சீனிகூட இல்லை. அவ்வழியே வந்த மீன் லொறிச் சாரதி ஒருவர் இறங்கிவந்து, தன் பிளாஸ்க்கிலிருந்த இனிப்புத் தேநீரை ஊற்றிக் கொடுத்தார். பெரியம்மா பிழைத்தது அந்தத் தேநீரால். என் ஆயத்தத்தால் அல்ல.

தனியொருவனின் கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்த நாட்களில் புத்தளம் - அநுராதபுரம் வீதியில் கலா ஓயா பெருக்கெடுத்து, 60க்கும் மேற்பட்ட பயணிகளுடன் வந்த பஸ்ஸொன்று வெள்ளத்தில் சிக்கியது. பயணிகள் அருகிலிருந்த வீடொன்றின் கூரையில் தஞ்சமடைந்தார்கள். கடற்படையினர் சென்று மீட்டார்கள். பஸ்ஸில் ஏறியபோது, உதவி வருவதற்குள் இத்தனை மணித்தியாலங்கள் காத்திருக்க நேரும் என்று அவர்களில் எவர் நினைத்திருப்பார்?

அவசரப் பெட்டி என்பது அந்தக் காத்திருப்புக்கானது. அது முதலில் மனிதருக்கானது, வண்டிக்கானது பிறகுதான். நம்மில் பலர் ஜாக்கையும் ஸ்பேனரையும் வைத்துக்கொண்டு ஆயத்தம் முடிந்தது என்று எண்ணுகிறோம். என் பெட்டியில் முதலில் இருப்பது குடிநீர். அடுத்து குளுக்கோசும் பிஸ்கட்டும். (மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.) காயத்துக்குக் கட்டுத்துணி, பிளாஸ்டர், கையுறை. குளிருக்கும் மழைக்கும் ஒரு போர்வை. டோர்ச், அதற்கான பற்றரிகள் தனியாக. ஒரு விசில். பொலிதீன் உறையில், நீரில் அழியாத மையால் எழுதிய தொலைபேசி எண்கள்: உறவினர் எண்களோடு சுவசெரிய அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

இவற்றுக்குப் பின்னரே வண்டிக்கான பொருள்கள்: காற்றுள்ள மாற்று டயர், ஜாக், இழுவைக் கயிறு, பற்றரி இணைப்பு வயர்கள், எச்சரிக்கை முக்கோணம், இருளில் ஒளிரும் மேலங்கி. சாரதியின் கைக்கெட்டும் இடத்தில் கண்ணாடி உடைக்கும் சிறு சுத்தியல் ஒன்று. அதனால் முன் கண்ணாடியை உடைத்து வெளியேற முடியாது. பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும்.

நம் வெயிலில், மூடிய வண்டிக்குள் மருந்தும் பவர் பேங்கும் மாதக்கணக்கில் கிடந்தால் கெட்டுப்போகும். அவற்றைக் கைப்பையில் வைத்துப் புறப்படும்போது எடுத்துச் செல்வதே முறை. தண்ணீரையும் பிஸ்கட்டையும் மாதந்தோறும் மாற்றுங்கள். பெட்டியை வாங்குவது ஒருநாள் வேலை, பேணுவதே ஆயத்தம்.

எந்தப் பெட்டியாலும் வாங்க முடியாத ஒன்றும் உண்டு: திரும்பிப் போகும் மனம். ஓடும் நீர் ஓரடி ஆழம் இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும். இரண்டடி நீர் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும். எழுவான்குளம் சப்பாத்துப் பாலத்தைக் கலா ஓயா மூடும்போது, 'முன்னால் ஒருவர் போய்விட்டார்' என்று இறங்குவது துணிச்சல் ஆகாது. காற்றின் நிறம் பார்த்துப் படகைத் திருப்பும் கடலோடியை எவரும் கோழை என்பதில்லை.

அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜேர்மனியில் முதலுதவிப் பெட்டி, எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேலங்கி ஆகியவை காரில் இருப்பது சட்டப்படி கட்டாயம். கனடாவில் வாழும் நம்மவர்கள் பனிக்காலத்தில் போர்வையும் மண்வெட்டியும் காரில் வைக்கப் பழகிவிட்டார்கள். இங்கே வருடாந்த வாகன அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதிச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்கிறார்கள். பாடசாலை வான்களுக்கும் வாடகை வாகனங்களுக்குமாவது முதலுதவிப் பெட்டியும் முக்கோணமும் கேட்டால் என்ன? விலையைச் சொல்லித் தட்டிக் கழிக்க வேண்டாம். ஓர் ஏழைக் குடும்பத்தின் பிள்ளை ஏறும் வானில்தான் அது முதலில் வேண்டும்.

சட்டம் வரும்போது வரட்டும். இன்று மாலை உங்கள் வண்டியின் பின்கதவைத் திறந்து பாருங்கள். மாற்று டயரைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு பொட்டலம் சீனியும் வையுங்கள். அது உங்களுக்கே பயன்பட வேண்டும் என்பதில்லை. அன்றிரவு எங்களுக்குக் கிடைத்த தேநீர், அந்த லொறிச் சாரதி தனக்கென எடுத்து வந்ததுதானே!