உப்பளத்துத் தாய்க்கு எப்போது விடுப்பு?

தூத்துக்குடி மக்களுக்கு, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரின் வேண்டுகோள்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளையை வளர்க்கும் தாய்க்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பை மறுப்பது, பெண்கள் வேலையில் சமமாகப் பங்கேற்க வழிசெய்யும் அரசியல் சட்டக் கடமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 22 அன்று சொன்னது. வழக்குத் தொடுத்தவர் இமாச்சலப் பிரதேசத்தின் அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியை. நல்ல தீர்ப்பு. ஆனால் மத்திய அரசுப் பெண் ஊழியருக்குப் பணிக்காலத்தில் 730 நாள் கிடைக்கும் இந்த விடுப்பு, விடியும் முன்பே பாத்தியில் இறங்கி உப்புச் சுமக்கும் நம் ஊர்ப் பெண்ணுக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. பிள்ளைக்கு வலிப்பு வந்தால் அன்றைக்குக் கூலி இல்லை. உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாலோ, தெருவே அவளை ஏசுகிறது. ஏசுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பிள்ளையோடு ஒரு மணி நேரம் இருந்து பார்த்திருக்கிறீர்கள்?

"பெற்றவளுக்குக் கவலை இருக்கத்தானே செய்யும்" என்கிறார்கள். 18 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளிவந்த கணக்கில், வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மாரில் 29 விழுக்காட்டினர் மனச்சோர்வில் இருந்தார்கள்; மற்றத் தாய்மாரில் 19. பெற்றோர் இருவரையும் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது 31, மற்றவர்களில் 7. இதே எண்கள் இன்னொன்றையும் சொல்கின்றன. பிள்ளையின் குறைபாடு மட்டுமே காரணமென்றால் எல்லாத் தாய்மாரும் நொறுங்கியிருக்க வேண்டும். பாதிப் பேருக்கு மேல் நொறுங்கவில்லை. தூக்கமும் கைமாற்ற ஓர் ஆளும் கையில் கொஞ்சம் காசும் இருந்தால் தாங்க முடிகிறது. இல்லாதவளிடம் போய்த் தைரியமாக இரு என்பது கொடுமை.

"அரசுதான் பணம் தருகிறதே" என்பவர்களுக்கு: பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய், நாளுக்கு 67 ரூபாய்கூடத் தேறாது. "இல்லத்தில் சேர்க்கலாமே" என்பவர்களுக்கு: அவள் கேட்பது ஓய்வு, பிள்ளையைப் பிரிவதை அல்ல. பராமரிப்பவருக்கும் படி வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

மகளிர் குழுக்களே, பங்கு மக்களே, வாரத்தில் ஒரு பிற்பகல் முறைவைத்து அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பனிமய மாதா திருவிழாக் கூட்டத்தில் ஒரு பிள்ளை கத்தினால் திரும்பி முகம் சுளிக்காதீர்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே வீட்டோடு கிடக்கும் தாய்மார் உண்டு. உப்பள முதலாளிகளே, நிழலுள்ள ஓர் அறையும், மருத்துவமனைக்குப் போகும் நாளில் கூலியோடு விடுப்பும் கொடுங்கள். அடுத்த உப்புப் பருவத்துக்குள் இது நடக்காவிட்டால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒவ்வோர் உப்பளத்துக்கும் நேரில் வந்து கேட்போம்.