கைக்குழந்தையும் பஸ் நெரிசலும்

கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்கு அரசின் சாதாரண பஸ்களில் இலவசப் பயணம் தரும் ‘சக்தி’ திட்டம் 2023 ஜூன் 11-ந் தேதி தொடங்கியது. அதன் பின் பெங்களூர் நகர பஸ்களில் பெண்கள் கூட்டம் பெருகிவிட்டது. அதில் திண்டாடுவது கைக்குழந்தையோடு ஏறும் தாய்மார்கள். குழந்தையை அணைக்க ஒரு கை, கம்பியைப் பிடிக்க ஒரு கை. கண்டக்டரிடம் ஆதார் அட்டையைக் காட்ட மூன்றாவது கைக்கு எங்கே போவது? அட்டையில் தமிழ்நாட்டு முகவரி இருந்தால் டிக்கெட்டுக்குக் காசும் எடுக்க வேண்டும். அது தனிக் கதை.

மெட்ரோவில் பெண்களுக்கும் இலவசம் இல்லை. 2025 பிப்ரவரியில் அதன் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாய் ஆனது. ஞாயிற்றுக்கிழமை லால்பாக் போய்வர நினைக்கும் தொழிலாளி குடும்பம் பஸ்சைத்தான் நம்புகிறது.

குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பை கடைகளில் கிடைக்கிறது. நாகரிகம் என்று கேலி செய்ய வேண்டாம். நரிக்குறவப் பெண்கள் பழம் புடவையில் செய்து வந்ததுதான். இரண்டு கையும் விடுபடும். ஆனால் குழந்தையின் முகம் துணியில் புதையக் கூடாது, மோவாய் நெஞ்சில் அழுந்தக் கூடாது, மூச்சு முட்டும். டிரைவர் சடாரென்று பிரேக் போட்டுத் தாய் விழுந்தால் கட்டிய குழந்தையும் கூடவே விழும். ஆகவே பை இருந்தாலும் உட்கார இடம் வேண்டும். முன்பக்கம் பெண்கள் இருக்கைகள் இருக்கின்றன. எழுந்து இடம் கொடுங்கள் என்று கண்டக்டர் கன்னடத்தில் ஒரு குரல் கொடுத்தால் போதும்.