காந்தக் கூண்டும் கல்பாக்கத்து எஃகும்

அணுக்கரு இணைவு பற்றிய செய்திகள் அண்மைக் காலத்தில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. 2025 ஜனவரியில் சீனாவின் ‘ஈஸ்ட்’ கருவி, பிளாஸ்மாவை 1,066 நொடிகள் சிதறாமல் தாங்கிப் பிடித்தது. பிப்ரவரி 12 அன்று பிரான்ஸின் கடராஷில் உள்ள ‘வெஸ்ட்’ கருவி அந்தச் சாதனையை 1,337 நொடிகளாக உயர்த்தியது. அதே நாளில் இந்தியப் பிரதமரும் பிரான்ஸ் அதிபரும் கடராஷில் எழுந்துவரும் ‘இட்டர்’ என்னும் பன்னாட்டு இணைவு உலையைப் பார்வையிட்டனர். ‘செயற்கைச் சூரியன்’, ‘வற்றாத ஆற்றல்’ என்ற தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், இந்தத் துறையின் உண்மையான சிக்கல் வெப்பத்தை உண்டாக்குவது மட்டுமல்ல, அதைப் பிடித்து வைப்பது. பிடித்து வைக்கும் கருவி காந்தம். இந்த முயற்சியில் தென்சென்னைப் புறநகரை ஒட்டிய பகுதிக்கு ஒரு பங்கு உண்டு. அதை நாம் உணராமலே இருந்துவிடுவோமோ என்பதுதான் என் கவலை.

எலக்ட்ரானின் சுழற்பாதை: டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணைய ஏறத்தாழ 15 கோடி டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தில் அணுக்கள் அணுக்கருக்களாகவும் எலக்ட்ரான்களாகவும் பிரிந்து பிளாஸ்மாவாகின்றன. அதைத் தாங்கும் பாத்திரம் உலகில் இல்லை. ஆனால், மின்னூட்டம் கொண்ட துகள், காந்தப்புலக் கோட்டைக் குறுக்கே கடக்க முயன்றால் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, அந்தக் கோட்டையே சுற்றிச் சுழலத் தொடங்கும். இட்டரின் 5.3 டெஸ்லா புலத்தில் எலக்ட்ரானின் சுழற்பாதை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது. கனமான அணுக்கருவின் பாதையோ சில மில்லிமீட்டர். சென்னையில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் புவிக்காந்தத்தைவிட இந்தப் புலம் ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் வலியது. வளைய வடிவில் அமைந்த இந்தக் காந்தக் கூண்டுக்குத்தான் ‘டோக்கமாக்’ என்று பெயர்.

மின்ரயில் சொல்லும் பாடம்: டோக்கமாக்கில் இன்னொரு நுட்பம் உண்டு. பிளாஸ்மா வளையத்தின் ஊடாகவே பெரும் மின்னோட்டம் பாய வேண்டும். இட்டரில் அது 1.5 கோடி ஆம்பியர். அதை உண்டாக்குவது நம் தெருமுனை மின்மாற்றியின் தத்துவமே. நடுவில் நிற்கும் கம்பிச்சுருள் முதன்மைச் சுருள். பிளாஸ்மா வளையம் ஒரே சுற்று கொண்ட துணைச்சுருள். முதன்மைச் சுருளில் காந்தப்பாயம் மாறிக்கொண்டே இருக்கும்வரைதான் பிளாஸ்மாவில் மின்னோட்டம் தூண்டப்படும்.

சென்னைக் கடற்கரை – தாம்பரம் தடத்தின் வரலாற்றிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. 1931இல் அந்தத் தடத்தில் மின்ரயில் 1,500 வோல்ட் நேர்த்திசை மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது. 1960களில் அது 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்கு மாற்றப்பட்டது. உயரழுத்தத்தில் மின்சாரத்தை அனுப்பி, ரயிலிலேயே உள்ள மின்மாற்றியால் குறைத்துக்கொள்ள முடிவது மாறுதிசை மின்சாரத்தின் வசதி. நேர்த்திசை மின்னோட்டத்தில் காந்தப்பாயம் மாறாது. மின்மாற்றி வேலை செய்யாது. டோக்கமாக்கின் இடர்ப்பாடு இங்கேதான் இருக்கிறது. பிளாஸ்மாவுக்கு ஒரே திசையில் மின்னோட்டம் வேண்டும். அதற்குக் காந்தப்பாயம் ஒரே திசையில் மாறிக்கொண்டே போக வேண்டும். சுருளின் எல்லை வந்ததும் அந்தக் கையிருப்பு தீர்ந்துவிடும். அதன் பிறகு நுண்ணலைகளாலோ துகள் கற்றைகளாலோதான் மின்னோட்டத்தைத் தக்கவைக்க இயலும். 1,066 நொடி, 1,337 நொடி என்ற எண்களின் மதிப்பு இதில்தான் அடங்கியிருக்கிறது. அவை மின்சாரம் எடுத்த சோதனைகள் அல்ல; பிடித்து வைத்த சோதனைகள்.

எனவே, எதிர்பார்ப்பில் நிதானம் தேவை. 2023 அக்டோபரில் பிரிட்டனின் ‘ஜெட்’ கருவி 69 மெகாஜூல் இணைவு ஆற்றலை வெளியிட்டது. நம் மின்கட்டணக் கணக்கில் அது 19 யூனிட், அதுவும் வெப்பமாக. பிளாஸ்மாவைச் சூடேற்றச் செலவிட்ட ஆற்றல் அதைவிட அதிகம். 2024இல் அறிவிக்கப்பட்ட புதிய அட்டவணையின்படி, இட்டரில் ஆய்வுப்பணி 2034இல் தொடங்கும். டிரிட்டியம் கொண்டு நடத்தும் சோதனை 2039இல்தான். அந்த உலையும் மின்சாரம் வழங்கப்போவதில்லை. 2024 மே மாதத்தில் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைக் கடந்தது. அந்தத் தேவைக்குக் காற்றும் சூரிய ஒளியும் சேமிப்பும்தான் இன்றைய விடைகள். இணைவு உலை வரும் என்று காத்திருந்து அவற்றைத் தள்ளிப்போடுவது அறிவுடைமை ஆகாது.

நியூட்ரான் என்னும் சவால்: அப்படியானால், நமக்கு இதில் என்ன வேலை? காந்தத்தால் ஆகாத இடத்தில் அந்த வேலை தொடங்குகிறது. இணைவில் வெளிப்படும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான் சுமந்து செல்கிறது. அதற்கு மின்னூட்டம் இல்லை. காந்தக் கூண்டு அதைத் தடுக்காது. அது நேராகச் சுவரைத் தாக்கும். சாதாரண எஃகு நாளடைவில் நலிவதோடு, நெடுங்காலக் கதிரியக்கத்தையும் ஏற்கும்.

தாம்பரத்துக்குத் தெற்கே 50 கி.மீ. சொச்சத் தொலைவில் உள்ள கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், காந்திநகரின் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தோடும் ஹைதராபாதின் மிதானி நிறுவனத்தோடும் இணைந்து, இதற்கென ஓர் எஃகை உருவாக்கியது. நீண்ட காலம் கதிரியக்கம் தரும் மாலிப்டினம், நியோபியம் ஆகியவற்றுக்குப் பதிலாக டங்ஸ்டனும் டான்டலமும் சேர்க்கப்பட்ட எஃகு அது. இந்த எஃகு காந்தத்தால் ஈர்க்கப்படும் என்பதால் வேறொரு சிக்கலும் எழுகிறது. பிளாஸ்மாவில் எலக்ட்ரானின் ஓட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. இரும்பிலோ, எலக்ட்ரானின் தற்சுழற்சியே அதை ஒரு நுண்காந்தம் ஆக்குகிறது. ஆகவே உலைச்சுவரே காந்தக் கூண்டின் கோடுகளைச் சற்று வளைத்துவிடும். வடிவமைப்பில் அதையும் கணக்கிட்டாக வேண்டும்.

டிரிட்டியத்தை லித்தியத்திலிருந்து உருவாக்க, உருகிய ஈய-லித்தியத்தை உலையைச் சுற்றி ஓடவிடுவது இந்தியா வகுத்த வடிவமைப்பு. வலிய காந்தப்புலத்தில் ஓடும் திரவ உலோகத்தில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, அதன் ஓட்டத்தையே எதிர்க்கும். 1985 முதல் இயங்கும் சோதனை வேக ஈனுலையின் வாயிலாகக் கல்பாக்கம் திரவ சோடியத்தைக் கையாண்டு வருகிறது. சோடியத்துக்கான மின்காந்தப் பம்புகளையும் உருவாக்கியிருக்கிறது. இத்தகைய பட்டறிவு உலகில் வெகுசில இடங்களிலேயே உண்டு.

அறிவைப் பெற ஆள் வேண்டும்: இட்டரில் இந்தியாவின் பங்களிப்பு ஏறத்தாழ 9 விழுக்காடு. அங்கு உருவாகும் தொழில்நுட்ப அறிவில் முழுமைக்கும் உறுப்பு நாடுகளுக்கு உரிமை உண்டு. பார்ப்பதற்கு இது நல்ல பேரம். ஆனால், அறிவைப் பெற்றுக்கொள்ளப் பயிற்சி பெற்றவர்கள் இங்கே இருந்தால்தான் அந்த உரிமைக்குப் பொருள். காந்திநகரில் 1989இல் ‘ஆதித்யா’ இயங்கத் தொடங்கியபோது நாம் பின்தங்கியிருக்கவில்லை. அடுத்து வந்த எஸ்.எஸ்.டி.-1 கருவியின் இலக்கே 1,000 நொடிகள். அதில் முதல் பிளாஸ்மா உருவானது 2013இல். இலக்கு இன்னும் எட்டப்படவில்லை. 2006இல் முதல் பிளாஸ்மாவைக் கண்ட ‘ஈஸ்ட்’ அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. தொடர்ச்சியான முதலீடும் மனித வளமும் இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணங்கள் என்று நான் கருதுகிறேன்.

கிண்டியில் ஐ.ஐ.டி., தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, வண்டலூர் முதல் செங்கல்பட்டு வரை நெடுஞ்சாலையின் இருபுறமும் பொறியியல் கல்லூரிகள் என்று இந்தப் பகுதி முழுதும் மாணவர்கள் நிறைந்தது. ஆனால், கணினி அறிவியல் இடங்களுக்கு நெரிசலும், இயற்பியலுக்கும் உலோகவியலுக்கும் வெறுமையும் என்ற போக்கை ஒவ்வொரு கலந்தாய்விலும் காண்கிறோம். அதற்கு மாணவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. படித்தால் எங்கே வேலை என்ற அவர்களின் கேள்விக்கு நாம் விடை வைத்திருக்கவில்லை.

அந்த விடையைத் தருவது இயலாத காரியம் அன்று. கல்பாக்கத்தின் ஆய்வாளர்கள் புறநகர்க் கல்லூரிகளில் பிளாஸ்மா, மீக்கடத்தி, திரவ உலோகம் குறித்த விருப்பப் பாடங்களைக் கற்பிக்க ஏற்பாடு செய்யலாம். முதுநிலை மாணவர்களின் செய்முறைத் திட்டங்களை அங்கேயே நடத்தலாம். வெற்றிடக் கலன்கள், துல்லியப் பற்றவைப்பு ஆகியவற்றில் கிண்டி, மறைமலை நகர்ப் பட்டறைகளுக்குச் சிறு ஒப்பந்தங்கள் தரலாம். இந்தத் திறன்கள் இணைவு உலைக்கு மட்டும் உரியவை அல்ல. மருத்துவமனைகளின் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் இருப்பதும் மீக்கடத்திக் காந்தமே. அக்கருவிகளைப் பெரும்பாலும் இறக்குமதி செய்தே வருகிறோம். இணைவு மின்சாரம் தாமதமானாலும், காந்தத்தைக் கையாளக் கற்றவர்களுக்கு வேலை இருக்கும். மாநில உயர்கல்வித் துறையும் அணுசக்தித் துறையும் வரும் கல்வியாண்டுக்குள் இதற்கென ஓர் உடன்பாட்டுக்கு வர வேண்டும்.