கருந்தடம் சொல்லும் கணக்கு

மெய்ம்மைக்கு நெருக்கமான கார்ப் பந்தய விளையாட்டுகளைப் பற்றி இளைஞர்கள் பேசும்போது காரின் பெயர் முதலில் வருகிறது. குதிரைத் திறன் அடுத்து வருகிறது. டயர் கடைசியில் வருகிறது அல்லது வருவதே இல்லை. ஆனால் காருக்கும் சாலைக்கும் இடையே உள்ள ஒரே உறவு டயர்தான். நான்கு டயர்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ நான்கு உள்ளங்கைகளின் அளவே. எஞ்சினின் ஆற்றலும் பிரேக்கின் வலிமையும் ஓட்டுநரின் திறமையும் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகவே சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே ஒரு விளையாட்டு உண்மையிலேயே மெய்ம்மைக்கு நெருக்கமானதா என்று அறிய இரண்டு கேள்விகள் போதும். டயரைத் தேர்ந்தெடுப்பதற்கு அதில் ஏதேனும் விலை உண்டா? சறுக்கிய தடத்துக்கு ஏதேனும் பொருள் உண்டா?

இது பொழுதுபோக்கைப் பற்றிய நுண்வாதம் மட்டுமன்று. செகந்திராபாதிலிருந்து கார்கானா, திருமுல்கேரி வழியாக அல்வால் நோக்கிச் செல்லும் ராஜீவ் ரஹதாரி போன்ற ஒரு சாலையின் ஓரத்தில் வளரும் சிறுவன், ஓட்டுநர் உரிமம் பெறும் வயதுக்குப் பல ஆண்டுகள் முன்பே திரையில் கார் ஓட்டக் கற்றுவிடுகிறான். வேகம், வளைவு, பிரேக் ஆகியவற்றைப் பற்றிய அவனுடைய முதல் உள்ளுணர்வை ஓட்டுநர் பள்ளி உருவாக்குவதில்லை, விளையாட்டே உருவாக்குகிறது. அந்த உள்ளுணர்வு எதன்மீது கட்டப்படுகிறது என்று கேட்பது பெற்றோருக்கும் உரியது, விளையாட்டை உருவாக்குவோருக்கும் உரியது.

உண்மையான பந்தயம் டயரை எவ்வாறு மதிக்கிறது என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல சான்று உண்டு. 2013 அக்டோபர் 27 அன்று கிரேட்டர் நொய்டாவின் புத்தா சர்வதேசப் பந்தயச் சுற்றில் ஃபார்முலா ஒன் இந்தியப் போட்டி நடந்தது. பிரெல்லி நிறுவனம் அங்கே மென்மையான ரகம், நடுத்தர ரகம் என இரண்டு உலர்தள டயர்களைக் கொண்டுவந்திருந்தது. மென்மையானது வேகம் தரும், ஆனால் விரைவில் உழன்றுபோகும். செபாஸ்டியன் வெட்டல் மென்மையான டயருடன் முதலிடத்திலிருந்து கிளம்பி, இரண்டே சுற்றுகளில் அதைக் கழற்றிவிட்டு நடுத்தர டயருக்கு மாறினார். முன்னணியில் இருந்தவர் தாமாகவே பின்வரிசைக்குச் சென்று, 60 சுற்றுப் பந்தயத்தை அங்கிருந்து மீண்டும் வென்றார். நான்காவது உலகப் பட்டமும் அன்றே உறுதியாயிற்று. வெற்றிக்குக் காரணமாக அவருடைய காரின் வேகத்தைப் பலர் சொன்னார்கள். ஆனால் எந்த டயரை எவ்வளவு நேரம் நம்பலாம் என்ற கணக்கு சரியாக இல்லாதிருந்தால் அந்த வேகத்தால் பயன் இருந்திருக்காது.

அதே நாளில் கருந்தடத்துக்கும் ஒரு விலை விதிக்கப்பட்டது. வென்ற மகிழ்ச்சியில் வெட்டல் பார்வையாளர் அரங்குக்கு முன்னால் காரை வட்டமடித்துச் சுழற்றி, டயர் புகை எழுப்பிக் கரிய வளையங்களைத் தீட்டினார். ரசிகர்கள் ஆர்ப்பரித்தார்கள். பந்தயம் முடிந்ததும் காரை நேராக உரிய இடத்துக்குக் கொண்டுசெல்லாததற்காக அவருக்குக் கண்டனமும் அணிக்கு 25,000 யூரோ அபராதமும் கிடைத்தன. அந்த வளையங்களைப் பந்தயம் முடிந்த பிறகே அவர் வரைந்தார் என்பது கவனிக்கத்தக்கது. பந்தயம் நடக்கும்போது அத்தகைய தடம் ஒவ்வொன்றும் இழந்த நேரம், தேய்ந்த டயர்.

ஹைதராபாதுக்கும் இந்தப் பாடம் நேரிலேயே வந்தது. 2023 பிப்ரவரி 11 அன்று ஹுசைன் சாகர் ஏரியை ஒட்டிய நகரச் சாலைகளில் மின்கார்களுக்கான ஃபார்முலா ஈ உலகப் போட்டி நடந்தது. சுற்றின் நீளம் ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர். அங்கே டயர்த் தேர்வு என்பதே இல்லை. ஹான்குக் நிறுவனத்தின் ஒரே ரக டயர்தான் வெயிலுக்கும் மழைக்கும். சாலை டயரைப் போல அதிலும் பள்ளக்கோடுகள் உண்டு. பந்தயத்தின் நடுவில் டயர் மாற்றும் வழக்கமும் கிடையாது. அந்த ஆண்டுதான் அறிமுகமான அந்த டயர் முந்தையதைவிடக் கடினமானது, பிடிமானம் குறைந்தது என்று ஓட்டுநர்கள் பருவம் முழுவதும் குறைகூறினார்கள். ஆனால் பிடிமானம் குறைவு என்று தெரிந்தபின் ஓட்டும் முறையை மாற்றுவதும் ஒரு தேர்வே. ஒரே அணியைச் சேர்ந்த இரண்டு கார்கள் ஒரு கொண்டையூசி வளைவில் மோதிக்கொண்டு இரண்டுமே வெளியேறின. பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தைச் சிறிது தவறாகக் கணித்ததன் விளைவு அது. வென்ற ழான் எரிக் வெர்னோ பின்னால் துரத்தியவரைவிடக் குறைந்த மின்னாற்றலுடன் இறுதிவரை தாக்குப்பிடித்தார். இருப்பதைக் கொண்டு ஓட்டியவர் வென்றார்.

விளையாட்டுகள் இதை எவ்வாறு கணக்கிடுகின்றன? கணினிக்குள் டயர் என்பது ஒரு வளைகோடு. சக்கரம் சாலையைவிடச் சற்று வேகமாகவோ மெதுவாகவோ சுழலும்போதுதான் பிடிமானம் பிறக்கிறது. சறுக்கல் சிறிது சிறிதாகக் கூடும்போது பிடிமானமும் கூடி, ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து விழுக்காட்டுச் சறுக்கலில் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்குகிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பசெய்காவும் அவருடைய கூட்டாளிகளும் 1980களில் இந்த வளைகோட்டுக்குத் தந்த சமன்பாட்டுக்கு ‘மாயச் சூத்திரம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. காரணத்தை விளக்காமலே விளைவைத் துல்லியமாகப் பொருத்திக்காட்டுவதால் வந்த பெயர் அது. பல பந்தய விளையாட்டுகளின் அடித்தளத்தில் அச்சூத்திரமோ அதன் உறவுக்காரச் சூத்திரமோ இருக்கிறது.

அந்த உச்சிதான் எல்லாவற்றுக்கும் மையம். உச்சிக்கு முன்னால் இருப்பவர் ஓட்டுகிறார்; உச்சியைக் கடந்தவர் வழுக்குகிறார். சாலையில் விழும் கருந்தடம் உச்சியைக் கடந்ததற்கான எழுத்துச் சான்று. வீரத்தின் கையொப்பமாக அது போற்றப்படுகிறது. உண்மையில் அது பிடிமானம் கைவிட்டுப்போனதற்கான ரசீது.

பெரும்பாலான விளையாட்டுகளின் முதல் குறை தேர்வில் இருக்கிறது. கிரான் டூரிஸ்மோ வரிசையில் டயர்கள் சாலைக்கு உரியவை, விளையாட்டு வகை, பந்தய வகை என்று பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் கடினம், நடுத்தரம், மென்மை என மூன்று படிகள் உண்டு. அறிவார்ந்த பகுப்பு அது. ஆனால் குடும்பத்தோடு கடைவீதிக்குப் போகும் சிறிய காருக்கும் மென்மையான பந்தய டயரை மாட்டிவிட அதே விளையாட்டு அனுமதிக்கிறது. டயர்த் தேய்மானம் அணைக்கப்பட்ட குறும்பந்தயத்தில் அப்படி மாட்டியவரே வெல்கிறார். விலையில்லாத இடத்தில் தேர்வு என்பது வெறும் பெயர். கார் வளைவில் ஒட்டிக்கொண்டு போகிறது. ஒட்டியது தன் திறமை என்று விளையாடுபவர் நம்புகிறார். அந்தக் காரைச் சாலை டயரின் கடின ரகத்துக்கு மாற்றி அதே வளைவில் விட்டால்தான், இதுவரை காரை ஓட்டியது தானா, ரப்பரா என்பது தெரியவரும்.

இரண்டாவது குறை தடத்தில் இருக்கிறது. பல விளையாட்டுகளில் சறுக்குத் தடம் என்பது சாலைப் படத்தின்மேல் ஒட்டப்படும் கரிய பட்டை மட்டுமே. சறுக்கல் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் பட்டை வரையப்படுகிறது. நினைவகம் நிறையும்போது பழைய பட்டைகள் அழிக்கப்படுகின்றன. அந்தப் பட்டையின்மேல் அடுத்த கார் போனாலும் எந்த மாற்றமும் இல்லை. டயரும் தேய்வதில்லை, சாலையும் மாறுவதில்லை. ஒலியும் புகையும் கருமையும் பரிசாக வழங்கப்படுகின்றன. செலவு எங்கும் எழுதப்படுவதில்லை. தவறைக் கொண்டாட்டமாகக் காட்டும் வடிவமைப்பு இது.

வேறு விதமாகச் செய்ய முடியாது என்பதும் இல்லை. ஆர்ஃபேக்டர் 2 விளையாட்டில் கார்கள் போகப்போக ரப்பர் சாலையில் படிந்து, பலரும் ஓட்டும் கோட்டில் பிடிமானம் உயர்கிறது. ஐரேசிங்கிலும் சாலை இவ்வாறு மாறிக்கொண்டே இருக்கிறது. உதிர்ந்த ரப்பர்த் துகள்கள் கோட்டுக்கு வெளியே சேர்ந்து, அங்கே விலகுபவரை வழுக்குகின்றன. உண்மையான பந்தயச் சுற்றில், மழை வந்தவுடன் இதே ரப்பர் படிந்த கோடுதான் வழுவழுப்பாகிறது. உலர்நாளில் நண்பனாக இருந்தது ஈரநாளில் பகையாகிறது. இத்தகைய விளையாட்டுகளில் கருந்தடம் ஓவியமாக நின்றுவிடுவதில்லை. அது சாலையின் வரலாறு. அதைப் படிக்கத் தெரிந்தவர் முந்துகிறார்.

‘இது விளையாட்டுத்தானே, தேய்மானத்தையும் தண்டனையையும் யார் விரும்புவார்?’ என்று ஒரு மறுப்பு எழலாம். அதில் நியாயம் உண்டு. கோமாளித்தனமான கார் விளையாட்டில் வாழைப்பழத் தோல்மேல் வழுக்குவதை யாரும் இயற்பியலாக எடுத்துக்கொள்வதில்லை. அது எதையும் உரிமை கோருவதும் இல்லை. மெய்ம்மை என்ற சொல்லை விளம்பரத்தில் வைத்து விற்கும் விளையாட்டைப் பற்றியதே இந்த வழக்கு. காரின் உள்ளலங்காரத் தையலைக்கூட நூல் நூலாகப் படமெடுத்துக் காட்டும் நிறுவனம், அந்தக் கார் தரையைத் தொடும் இடத்தில் மட்டும் சலுகை காட்டினால் அதை மெய்ம்மை என்று சொல்லக் கூடாது. தேய்மானம் விளையாட்டின் சுவையைக் குறைக்கும் என்பதும் சரியன்று. புத்தா சுற்றில் அன்று நடந்த நாடகம் முழுவதையும் நடத்தியது தேய்மானமே.

திரைக்கு வெளியே கணக்கு எப்படி இருக்கிறது? மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனத்தின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டால், பிடிமான எண் 0.7 உள்ள உலர்ந்த சாலையில் அது ஏறத்தாழ 29 மீட்டர் வழுக்கிய பிறகே நிற்கும். மழையில் அந்த எண் 0.4 ஆகக் குறைந்தால் தொலைவு 51 மீட்டர். வேகம் பாதியானால் தொலைவு கால்பங்காகும். விபத்தை ஆராய்பவர்கள் இதே கணக்கைத் திருப்பிப் போட்டு, தடத்தின் நீளத்திலிருந்து வேகத்தைக் கணிக்கிறார்கள். திரையில் சில நொடிகளில் மங்கும் கருமை, சாலையில் சாட்சியாக நிற்கிறது. பூட்டிய சக்கரத்தைத் திருப்பவும் முடியாது. ஸ்டீயரிங் எப்பக்கம் திரும்பினாலும் வாகனம் போன திசையிலேயே போகும். சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பு இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்குக் கட்டாயமானது. ஆனால் இளைஞர் கைகளில் இன்றும் ஓடும் சிறிய வண்டிகள் பலவற்றில் அது இல்லை.

இங்கேதான் டயர்த் தேர்வு மீண்டும் வருகிறது. சாலையில் ஓடும் டயர் பெரும்பாலும் நீடித்த உழைப்புக்காகவும் எரிபொருள் சிக்கனத்துக்காகவும் செய்யப்பட்டது. பந்தய ரப்பரின் ஒட்டும் தன்மை அதற்கு இல்லை. கார் டயரின் பள்ளங்களுக்குள் இருக்கும் தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டரில் எச்சரிக்கிறது. அதைக் குனிந்து பார்ப்பவர் சிலரே. ஜூன் மாத முதல் மழையில் தூசியும் எண்ணெயும் கலந்து சாலை வழுக்கும்போது, திரையில் மென்மையான பந்தய டயரோடு பழகிய கால், பிரேக்கை அதே இடத்தில் அழுத்தப் பார்க்கும். அதற்கு அவனை மட்டும் குறைசொல்ல முடியாது. அவனுக்குக் கற்பித்தது அப்படி.

செய்யக் கூடியவை எளியவை. விளையாடுபவர் தேய்மானத்தை இயக்கிவைத்து, சாலைக் காருக்குச் சாலை டயரையே மாட்டி, அதிலும் கடின ரகத்திலிருந்து தொடங்கலாம். ஒரு சுற்றின் நேரத்தோடு, அச்சுற்றில் எத்தனை இடங்களில் தடம் விழுந்தது என்பதையும் எண்ணலாம். தடம் குறையக் குறைய நேரமும் குறைவதைக் காணும்போது, எந்த அறிவுரையும் தர முடியாத தெளிவு கிடைக்கும். விளையாட்டுத் துறைக்குப் பெயர்பெற்ற ஹைதராபாதின் நிரலாளர்களுக்கும் ஒரு வாய்ப்பு திறந்தே கிடக்கிறது. சில்வர்ஸ்டோனின் ஒவ்வொரு மேடுபள்ளமும் விளையாட்டுகளில் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. பருவமழையில் நனைந்த தக்காண நகரச் சாலையையும் பாதி தேய்ந்த டயரையும் வேகத்தடைக்குப் பின் தேங்கிய மணலையும் அதே அக்கறையோடு யாரும் அளக்கவில்லை என்றால், அந்தப் பணியைத் தொடங்கத் தகுந்த இடம் இதுவே. அப்படி ஒரு விளையாட்டு வந்தால், அதில் மிகச் சிறந்த ஓட்டுநர் சாலையில் ஒரு கோடும் விட்டுச் செல்லாதவராக இருப்பார்.