மெல்ல ஏறும் வண்டி

(கருத்துக் கட்டுரை)

நுழையும்முன்

பொழுதுபோக்கு என்றதும் நம் நினைவுக்கு வருவன நூல் வாசிப்பு, தோட்டக்கலை, அஞ்சல்தலை சேகரிப்பு ஆகியனவே. கைகளில் எண்ணெய்க் கறை படியும் பொழுதுபோக்குகளும் உள்ளன. அவற்றைப் பற்றித் தமிழில் எழுத முடியுமா? எழுத வேண்டுமா? ஓர் ஆசிரியர் தம் கருத்தை முன்வைக்கிறார்.



சில ஆண்டுகளுக்கு முன், ‘என் பொழுதுபோக்கு’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு ஏழாம் வகுப்பு மாணவர்களைப் பணித்தேன். மறையூரைச் சேர்ந்த மாணவன் ஒருவன், நூல் வாசிப்பே தன் பொழுதுபோக்கு என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தான். பிழை ஏதும் இல்லை. மேற்கோளும் பழமொழியும் உரிய இடங்களில் அமைந்திருந்தன. மகிழ்ந்து முழு மதிப்பெண் வழங்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறையூர் சென்றிருந்தேன். கோவில்கடவு அருகே பாம்பாற்றில் நீர் குறைந்து பாறைகள் வெளியே தெரிந்தன. அங்கே அந்த மாணவன் குனிந்து நின்றிருந்தான். கையில் வானொலி அலையால் இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி. எதிரே ஏறத்தாழ ஒரு முழ நீளமுள்ள சிறிய ஜீப். அது பாறையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, நத்தைபோல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. பாதி உயரத்தில் கவிழ்ந்தது. அவன் சலித்துக்கொள்ளவில்லை. வண்டியை எடுத்து, மின்கலத்தைச் சிறிது முன்னே நகர்த்திக் கட்டி, அதே இடத்தில் மீண்டும் வைத்தான்.

என்னைக் கண்டதும் கருவியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். “சும்மா விளையாட்டுத்தான் ஐயா, படிப்பையும் பார்த்துக்கொள்கிறேன்” என்றான்.

“இதை ஏன் நீ கட்டுரையில் எழுதவில்லை?” என்று கேட்டேன்.

“இதையெல்லாம் தமிழ்க் கட்டுரையில் எழுதலாமா ஐயா?” என்று அவன் திருப்பிக் கேட்டான்.

அந்த வினாவுக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். எழுதலாம், எழுத வேண்டும். அதற்கு முன், அந்த வண்டியைக் கட்டுவதே ஒரு நல்ல கல்வி என்பது என் துணிபு.

பாறையேறி வண்டி என்பது யாது?

தொலைவிலிருந்து வானொலி அலையால் ஒன்றை இயக்கும் முறை புதியதன்று. 1898ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நிக்கோலா டெஸ்லா சிறிய படகு ஒன்றை அவ்வாறு இயக்கிக் காட்டினார். இன்று விற்கப்படும் பொம்மைக் கார்கள் பலவும் அம்முறையில்தான் ஓடுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை விரைவுக்காகச் செய்யப்பட்டவை. பாறையேறி வண்டியோ விரைவை விரும்பாதது. ராக் கிராலர் என்று வழங்கப்படும் இவ்வண்டி, பெரும்பாலும் உண்மையான ஜீப்பின் பத்தில் ஒரு பங்கு அளவில் அமைகிறது. கற்குவியல், மரவேர், மணற்சரிவு ஆகியவற்றைக் கவிழாமல் கடப்பதே இதன் நோக்கம். யார் முதலில் வந்தார் என்பதைவிட, யார் கவிழாமல் வந்தார் என்பதே இங்குப் பெரிதாகக் கருதப்படும்.

இதன் உறுப்புகள் ஒவ்வொன்றும் ஒரு பாடம். மோட்டார் விரைந்து சுழலும். ஆனால் பாறையில் ஏற வலிமைதான் தேவை. எனவே பல்சக்கரங்கள் வாயிலாக வேகம் குறைக்கப்படுகிறது. மோட்டார் ஏறத்தாழ 40 முறை சுழன்றால்தான் சக்கரம் ஒருமுறை சுழலும்படி அமைப்பதும் உண்டு. வேகத்தைக் கொடுத்துத் திருப்புவிசையைப் பெறுகிறோம். ஒன்றை இழக்காமல் மற்றொன்றைப் பெற இயலாது என்னும் இயற்பியல் விதியைக் கையால் தொட்டு உணரலாம்.

சாலையில் ஓடும் கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலான தொலைவைக் கடக்க வேண்டும். ஆகவே இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதற்கு டிஃப்ரென்ஷியல் என்னும் அமைப்பு உதவுகிறது. பாறையில் அதுவே பகையாகிவிடும். ஒரு சக்கரம் தரையை விட்டு எழுந்தால், அந்தச் சக்கரம் வீணாகச் சுழலும். தரையில் நிற்கும் சக்கரமோ அசையாது. எனவே பாறையேறி வண்டியில் இரு சக்கரங்களும் ஒன்றாகவே சுழலுமாறு அச்சினை இறுக்கிவிடுகிறார்கள். ஓரிடத்தில் நன்மை செய்வது வேறோர் இடத்தில் தடையாகலாம் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

இனி, கவிழாமை. அன்று அம்மாணவனின் தந்தையாரும் ஆற்றங்கரைக்கு வந்தார். அவர் உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்து மறையூரில் ஜீப் ஓட்டுபவர். வண்டியின் பழுதைத் தாமே நீக்கிக்கொள்பவர். “வெயிட்டு மேலே இருந்தா கவிழத்தான் செய்யும். கீழே இறக்குடா தம்பி” என்றார். மேற்கூட்டிலிருந்த சுமையைக் குறைத்து, பட்டறையில் கிடந்த பித்தளைத் துண்டுகளை அச்சின் அருகில் பொருத்தினார்கள். வண்டி ஏறியது.

அவர் சொன்னதைக் கணக்காகவும் பார்க்கலாம். வண்டியின் இடப் பக்கச் சக்கரத்துக்கும் வலப் பக்கச் சக்கரத்துக்கும் இடையே 20 செ.மீ. அகலம் என்று கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் நடுவே இருப்பின், பக்கவாட்டில் ஏறத்தாழ 45 பாகை சாயும்வரை அது கவிழாது. ஈர்ப்பு மையத்தை 2 செ.மீ. மட்டும் கீழே இறக்கினால், ஏறத்தாழ 51 பாகைவரை தாங்கும். இரண்டு செ.மீ. இறக்கத்தில் ஆறு பாகை ஆதாயம்! சுருள்வில் அமுங்குவதைக் கணக்கில் சேர்த்தால் இவ்வெண்கள் சற்று மாறும், விதி மாறாது. தந்தையார் முக்கோணவியல் படித்தவர் அல்லர். மலைப்பாதை அவருக்கு அதைக் கற்பித்திருந்தது.

சீர்செய்தல் என்னும் ஒழுக்கம்

வண்டியைக் கட்டி முடிப்பதுடன் பணி முடிவதில்லை. அதன்பின் தொடங்கும் சீர்செய்தலே இப்பொழுதுபோக்கின் உயிர். டயருக்குள் இடும் நுரைப்பஞ்சு மென்மையாக இருந்தால் டயர் கல்லின் வடிவுக்கேற்ப அமுங்கிப் பற்றிக்கொள்ளும். மிகவும் மென்மையானால் வண்டி பக்கவாட்டில் தள்ளாடும். எடையைக் கீழே சேர்த்தால் நிலைபெறும். அளவு மீறிச் சேர்த்தால் மோட்டார் சூடேறும், பல்சக்கரம் தேயும். எதிலும் அளவு வேண்டும்.

அந்த மாணவனிடம் ஒரு பழைய குறிப்பேடு இருந்தது. ஒரே பாறை, ஒரே பாதை, ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும். மின்கலத்தை நகர்த்திய அன்று டயரைத் தொடமாட்டான். ஏறியதா, எங்கே நழுவியது என்பதைத் தேதியிட்டுக் குறித்து வைத்திருந்தான். இரண்டு மாற்றங்களை ஒருசேரச் செய்தால் எதனால் பயன் விளைந்தது என்பது தெரியாமற்போகும் என்றான். அறிவியல் ஆய்வின் அடிப்படை நெறியை அவனுக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை, பாறை நடத்தியது.

நிலவிலும் ஒரு மெல்லிய பயணம்

இது சிறுவர் விளையாட்டுத்தானே என்று எண்ணுவோர் நிலவைப் பார்க்கட்டும். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3இன் தரையிறங்கு கலம் நிலவில் இறங்கியது. அதிலிருந்து வெளிவந்த பிரக்யான் ஊர்தி 26 கிலோ எடையும் ஆறு சக்கரங்களும் கொண்டது. அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு செ.மீ. மட்டுமே. ஆகஸ்டு 27 அன்று, தனக்கு மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் விட்டமுள்ள பள்ளம் ஒன்று இருப்பதை அது எதிர்கொண்டது. வந்த வழியே திரும்புமாறு அதற்குக் கட்டளை அனுப்பப்பட்டது. ஊர்தி பாதுகாப்பாக வேறு பாதையில் சென்றது. விரைந்து செல்வதினும் நின்று நோக்கித் திரும்புவது பெரிய திறன் என்பதை நாடே அன்று கண்டது.

அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். இரயில்வே தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரின் மகன். தொழில்நுட்பப் பட்டயப் படிப்பிலிருந்து படிப்படியாக உயர்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். கருவி பிடித்து உழைக்கும் கைக்கும் கணக்கிடும் மூளைக்கும் இடையே சுவர் இல்லை என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

மறுப்புகளும் விடைகளும்

இப்பொழுதுபோக்குக்கு எதிராகக் கூறப்படும் கருத்துகளை நான் புறக்கணிக்கவில்லை.

முதலாவது, செலவு. முழுமையாகச் செய்து விற்கப்படும் நல்ல வண்டி பல ஆயிரம் ரூபாய் ஆகும். கரும்புக் காட்டிலும் வெல்ல ஆலையிலும் கூலிக்கு உழைக்கும் பெற்றோரிடம் அதனைக் கேட்பது அறமன்று. என் கருத்து இதுதான்: பெட்டியில் வருவதை வாங்காதீர்கள், கிடைப்பதைக் கொண்டு கட்டுங்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு வண்டி கட்டினால் போதும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயில்வோருக்கென அடல் டிங்கரிங் லேப் என்னும் கூடம் பல பள்ளிகளில் உள்ளது. உங்கள் பள்ளியில் இருப்பின் ஆசிரியரை அணுகுங்கள். பனங்காயில் கோலைச் செருகி வண்டி ஓட்டிய மரபில் வந்த நமக்குக் கிடைத்ததைக் கொண்டு கட்டுவது புதிதா?

இரண்டாவது, ஆபத்து. இவ்வண்டிகளில் பயன்படும் லித்தியம் பாலிமர் மின்கலம் உப்பினாலோ துளைபட்டாலோ தீப்பற்றக்கூடும். பெரியவர் உடனிருக்கும்போது, அதற்குரிய மின்னேற்றியில் மட்டுமே மின்னேற்ற வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தல் கூடாது.

மூன்றாவது, இது ஆண்பிள்ளைகளின் விளையாட்டு என்பது. திருப்புளிக்கு ஆண் பெண் என்னும் வேறுபாடு தெரியாது. இதற்கு மேல் விடை தேவையில்லை.

நான்காவதாக ஒரு மறுப்பை நானே எழுப்புகிறேன். மறையூரில் இவ்வண்டியை எங்கு வேண்டுமானாலும் ஓட்டலாமா? பாம்பாற்றின் மேலுள்ள பாறைப் பரப்பில் முனியறைகள் இருக்கின்றன. கற்பலகைகளை நிறுத்தி, அவற்றின்மேல் மூடுகல் வைத்து, பெருங்கற்கால மக்கள் எழுப்பியவை அவை. சாய்ந்தும் சரிந்தும் கிடக்கும் அக்கற்கள், வண்டி ஏற்றுவதற்கென்றே அமைந்தவைபோல் தோன்றும். அந்த எண்ணமே தவறு. உடைந்துபோன முனியறைகளை நான் அங்குக் கண்டிருக்கிறேன். மீண்டும் அவற்றை எழுப்ப இயலாது. சந்தனக் காடும் சின்னாறு வனவிலங்குச் சரணாலயமும் அவ்வாறே விலக்கப்பட வேண்டியவை. சின்னாற்றில் நட்சத்திர ஆமை வாழ்கிறது. மெல்ல ஊரும் உரிமை முதலில் அதற்கே உண்டு. ஆற்றோரத்துக் கற்கள், வீட்டுக் கொல்லை, பள்ளி வளாகத்தில் நாமே அடுக்கிய செங்கற்கள் ஆகியன போதும். எங்கே ஏறலாம் என்பதை அறிந்தவனைக் காட்டிலும், எங்கே ஏறக்கூடாது என்பதை அறிந்தவனே சிறந்த ஓட்டுநன்.

கட்டுரையின் மறுபிறப்பு

இனி, என் தவற்றுக்கு வருகிறேன். பாறையேறி வண்டியைப் பற்றி அவ்வளவு அறிந்த ஒருவன், தான் செய்யாத நூல் வாசிப்பைப் பற்றி ஏன் எழுதினான்? தமிழ் வகுப்பு எதை ஏற்கும், எதை ஏற்காது என்று அவன் கணித்திருந்தான். அக்கணிப்பை உருவாக்கியவன் நான். பிழையற்ற பொய்க்கு முழு மதிப்பெண் வழங்கி, அதனை உறுதியும் செய்தேன்.

பிறந்த ஊரை விட்டு வெளியே வாழும் உங்களுக்குத் தமிழ், வாரத்தில் சில பாடவேளைகளாகச் சுருங்கிவிடும் இடர் உண்டு. நீங்கள் விரும்பும் செயல்கள் ஒரு மொழியிலும், தமிழ்த் தேர்வு வேறொரு மொழியிலும் நிகழ்ந்தால், தேர்வு முடிந்ததும் தமிழும் முடிந்துவிடும். அன்று ஆற்றங்கரையில் தந்தையும் மகனும் அச்சு, சட்டம், பல்சக்கரம், மரை, திருகு என்று பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். இடையிடையே கியர், மோட்டார், டயர் என்னும் சொற்களும் வந்தன. அதனால் குறை ஒன்றும் இல்லை. முதுகலைத் தமிழ் கற்ற நான், அவற்றுள் சில சொற்களை அன்றுதான் முதன்முறையாகப் பொருள் விளங்கக் கேட்டேன்.

அடுத்த வாரம் அதே தலைப்பை மீண்டும் கொடுத்தேன். அம்மாணவன் ஒன்றரைப் பக்கம் எழுதினான். நான்கு ஒற்றுப்பிழைகள், மேற்கோள் ஒன்றுமில்லை. ‘எங்கள் வண்டி பதினோராம் முறை ஏறியது. அன்று அப்பா சிரித்தார்’ என்று முடித்திருந்தான். பிழைகளைத் திருத்தினேன். முந்தைய கட்டுரையைவிட இதுவே நல்ல கட்டுரை என்று கீழே எழுதிக் கையொப்பமிட்டேன்.

மாணவர்களே! நீங்கள் உண்மையில் செய்வது எதுவோ, அதனை எழுதுங்கள். சொல் கிடைக்காவிட்டால் வீட்டில் கேளுங்கள், பட்டறையில் கேளுங்கள். வழுக்கினால் நின்று பார்த்து, ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் முயலுங்கள். வண்டிக்கும் மொழிக்கும் அதுவே வழி.

மதிப்பீடு

1. சாலையில் உதவும் டிஃப்ரென்ஷியல் பாறையில் தடையாவது ஏன்? உங்கள் சொற்களில் விளக்குக.

2. ‘ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும்’ என்னும் நெறியை உங்கள் படிப்பில் எவ்வாறு பின்பற்றலாம்?

3. பிழையற்ற முதற்கட்டுரையைவிடப் பிழையுள்ள இரண்டாம் கட்டுரையே சிறந்தது என்னும் ஆசிரியரின் கருத்தை ஏற்கிறீர்களா? காரணம் காட்டி எழுதுக.

4. உங்கள் பெற்றோர் தம் தொழிலில் பயன்படுத்தும் கருவிகள் பத்தின் பெயர்களைக் கேட்டறிந்து தமிழில் பட்டியலிடுக.